இதுவரை

எண்பது கெஜத்தில் நின்றது.
காற்று என் முகத்துக்கு நேரே வீசியது,
என் வாடை அதற்குப் போயிருக்காது.
ஆனால் பருப்பு அறுத்த தாளெல்லாம் உறைபனி பிடித்து
காலடியில் கண்ணாடியாய் நொறுங்கியது.
அப்படியும் ஓடவில்லை.
கழுதைக்காது மான், ஆண், மூன்று வயதிருக்கும்.
தலை தூக்கி என்னைப் பார்த்தது.
பார்த்தது என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன்.

பூனைபோல் நடக்கிறேன் என்று
நாற்பத்தொன்பது வயதில் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.
ஒரே குண்டு.

வயிற்றைக் கீறியதும் ஆவி எழுந்தது.
கையுறை போடவில்லை.
சஸ்கச்சவான் நவம்பரில்
அந்தச் சூடு விரல்களுக்கு இதமாக இருந்தது.
முதுகில் ஒரு விரற்கடை கொழுப்பு.
நோயில் விழுந்தது இப்படியா இருக்கும்?

தலையை மட்டும் கறுப்புப் பையில் கட்டி
அட்டையில் எண் எழுதி
பரிசோதனைப் பெட்டிக்குள் இறக்கினேன்.
முன்பே ஒன்பது பைகள் கிடந்தன,
கொம்புகள் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு.
முடிவு வர ஆறு வாரம் என்றாள் ஜன்னலுக்குப் பின்னிருந்த பெண்,
அதுவரை சாப்பிடாதீர்கள்.

நான் சாப்பிடவில்லை.

நான்காம் வாரம் லுபோமிர் வந்தான், ஏணி திருப்பித் தர.
பொட்டாஷ் சுரங்கத்தில் வேலை போய் மூன்று மாதம்.
ஹலீனாவுக்கு ஏழாம் மாதம்.
அவன் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் ஃப்ரீசரைத் திறந்தேன்.
சோதனை முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்து
"பூண்டு கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

கண்டறியப்பட்டது.
ஒற்றைச் சொல்தான் போனில் வந்தது,
கீழே அழைக்கவேண்டிய எண்.

அழைத்தேன். பொறுமையான குரல்.
கிருமி இல்லையாம், வைரஸ் இல்லையாம்.
தவறாக மடிந்த ஒரு புரதம்,
பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போலவே மடித்துவிடும்.
நன்றாக வேகவைத்தால்? என்றேன்.
உயிரில்லாததை எந்த அடுப்பு கொல்லும்.
மனிதருக்கு வந்ததாகச் சான்று இல்லை என்றது குரல்,
ஒரு மூச்சு விட்டு,
இதுவரை.

அந்தச் சொல்லை வண்டியில் வைத்துக்கொண்டு
லுபோமிர் வீட்டு வாசலில் இஞ்சின் அணைக்காமல்
இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
கதவைத் திறந்தவள் ஹலீனா.
கேட்டுக்கொண்டே வயிற்றின்மேல் கை வைத்தாள்,
என்னைப் பார்த்து அல்ல, எனக்குப் பின்னாலிருந்த பனியைப் பார்த்து
"ருசியாகத்தான் இருந்தது" என்றாள்.
திட்டியிருக்கலாம்.

மிச்சம் முப்பத்தொரு கிலோ.
இரட்டைப் பையிட்டு நகராட்சிக் குழியில் போட்டேன்.
வயலில் விட்டுவந்த குடல்?
போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
கொயோட்டி காலடிகள், மேக்பை இறகு ஒன்று,
துடைத்து வைத்ததுபோல் தரை.
காட்டில் எதுவும் வீணாவதில்லை என்று
எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன்.
சரிதான். இதுவும் வீணாகவில்லை.
மண் வாங்கி வைத்திருக்கிறது,
புல் எடுத்துக் கொடுக்கும்.

ஹலீனாவுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு.
நலம் என்கிறார்கள்.
நான் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை.

இந்த நவம்பரும் போனேன்.
ஏன் போனாய் என்று கேட்காதீர்கள், அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தேன்.
வண்டிக் கதவு சாத்திய சத்தத்துக்கே
மூன்று பெட்டைகள் ஓடைச் சரிவில் தாவி மறைந்தன.
நான்காவது நின்றது.
காதுகள் தொங்கியிருந்தனவா, காற்றுக்குச் சாய்ந்திருந்தனவா,
இவ்வளவு தூரத்தில் தெரியாது.
போன வருடத்து மானுக்கு நோய்தான் கால்களைக் கட்டியதா,
நான் நிஜமாகவே பூனைபோல் நடந்தேனா,
அதுவும் தெரியாது.

துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவில்லை.
தாளின்மேல் பூட்ஸை அழுத்தி அழுத்தி
வேண்டுமென்றே சத்தம் போட்டபடி
அதை நோக்கி நடந்தேன்.